ஆறு இருந்த இடத்தில் கார்கள்

2025 ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் லிபர்ட்டி பெல் என்ற துடுப்புச் சக்கரப் படகு கடைசி முறையாக ஆற்றைச் சுற்றி வந்தது. மறுநாள் முதல் அந்த ஆற்றுக்கு வழி அடைக்கப்பட்டது. 1971இல் பூங்கா திறந்தபோதே வெட்டப்பட்டிருந்த ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ ஆறும், அதன் நடுவில் இருந்த டாம் சாயர் தீவும் போய், அந்த நிலத்தில் பிக்ஸாரின் ‘கார்ஸ்’ படத்தை ஒட்டிய ஒரு மலைப்பகுதி எழுகிறது. 2024 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தெரியவந்த நாளிலிருந்து டிஸ்னி பூங்கா ரசிகர்களிடையே மூண்ட வாக்குவாதம் இன்னும் அடங்கவில்லை. கூட்டத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே மூச்சுவிட இடம் தந்தது அந்தத் தண்ணீர்தான், பூங்காவின் அழகுக்கே அதுதான் ஆதாரம் என்றார்கள் ஒரு சாரார். படகு பாதி காலியாகத்தான் ஓடியது, பத்து வயதுப் பிள்ளை பார்க்க வருவது ‘கார்ஸ்’ நாயகன் லைட்னிங் மெக்குவீனைத்தான், ஆற்றையல்ல என்றார்கள் மறு சாரார்.

ரசிகர்கள் இதை ‘ஐபி’ பிரச்சினை என்கிறார்கள். நிறுவனத்தின் உரிமையில் இருக்கும் படம், பாத்திரம், கதை எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். பூங்காவில் புதிதாக எது வந்தாலும் அது ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு படத்திலிருந்துதான் வர வேண்டுமா, பூங்காவுக்கென்றே ஒரு கதை பிறக்கக் கூடாதா என்பதே கேள்வி. எழுபது ஆண்டு வரலாற்றை முழுக்க வைத்துப் பார்க்கும்போது, இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமான பகுதியை மட்டுமே எடுத்துச் சொல்கின்றன என்று தோன்றுகிறது.

பாத்திரங்கள் பிற்காலத்தில் நுழைந்தவை என்ற நினைப்பிலிருந்தே தொடங்கலாம். அது சரியல்ல. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஸ்னோ ஒயிட், பீட்டர் பேன், மிஸ்டர் டோட் மூவருக்கும் தனித்தனி ரைடுகள் இருந்தன. மூன்றும் அந்த ஸ்டுடியோ எடுத்த படங்களிலிருந்து வந்தவை. அப்போது தொலைக்காட்சியில் அமெரிக்கச் சிறுவர்களைப் பித்துப் பிடிக்க வைத்திருந்த டேவி க்ராக்கெட்டுக்கும் பூங்காவில் இடம் இருந்தது. பூங்காவைக் கட்டியதில் ஏபிசி தொலைக்காட்சியின் பணமும் உண்டு. அதற்கு ஈடாக வால்ட் டிஸ்னி நடத்திய வாராந்தர நிகழ்ச்சியின் பெயரே ‘டிஸ்னிலேண்ட்’. நடுவில் நின்ற கோட்டைக்கு வைத்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்ற பெயர், நான்கு ஆண்டு கழித்து 1959இல் வரவிருந்த படத்தினுடையது. பனிமலையில் ஓடும் மேட்டர்ஹார்ன் கோஸ்டரும், ஒரு படப்பிடிப்புக்காக வால்ட் டிஸ்னி சுவிட்சர்லாந்து போனதன் விளைவு. படத்துக்கும் பூங்காவுக்கும் இடையே சுவரே இருந்ததில்லை.

இருந்தாலும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே வேறொன்றும் நிகழ்ந்தது. 1963இல் டிக்கி ரூம், 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’, 1967இல் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’, 1969இல் ‘ஹான்டட் மேன்ஷன்’ என்று வரிசையாக வந்தவை எந்தப் படத்தையும் தழுவியவை அல்ல. இவற்றைச் செய்தவர்களில் பலர் அனிமேஷன் ஸ்டுடியோவில் பழகியவர்கள். மார்க் டேவிஸ் பாத்திரங்களை வரைந்து பேர் வாங்கியவர். கிளாட் கோட்ஸ் பின்னணி ஓவியர். மேரி பிளேர் வண்ணங்களில் மேதை. பைரேட்ஸுக்கு வசனமும் பாட்டும் எழுதிய எக்ஸ் அடென்சியோ அதற்கு முன் அனிமேஷன் கலைஞர். படத்தில் கதை சொல்லத் தெரிந்தவர்களிடம், படம் இல்லாமல் ஓர் இடத்தை வைத்தே கதை சொல்லுங்கள் என்று கேட்டதில் பிறந்தவை அவை. ஒவ்வொரு கோயிலுக்கும் அந்த மண்ணிலேயே விளைந்த தலபுராணம் இருப்பதுபோல, அந்த இருட்டுக்கும் தண்ணீருக்கும் படிக்கட்டுக்கும் அங்கேயே விளைந்த கதை ஒன்று இருந்தது. வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது.

அந்தக் கதைக்கு என்ன வலிமை என்பது 2003இல் தெரிந்தது. பைரேட்ஸ் ரைடை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். ஐந்து படங்களாக நீண்டு உலகெங்கும் 450 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது அந்தத் தொடர். பூங்கா சினிமாவுக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை அது. 2006இல் அந்தப் படத்தின் ஜாக் ஸ்பாரோவைக் கொண்டுவந்து பழைய ரைடுக்குள்ளேயே நிறுத்தினார்கள். இன்று அந்தப் படகில் ஏறும் பிள்ளைகளில் பலர் படத்திலிருந்துதான் ரைடு வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐபி எதிர்ப்பாளர்களின் வாதங்களிலேயே எனக்கு மிக வலுவானதாகப் படுவது இதுதான். புதிய கதைக்கு இடமே தராத பூங்கா, அடுத்த பைரேட்ஸை எங்கிருந்து பெறும்?

சண்டை உச்சம் தொட்ட இடம் புளோரிடாவின் எப்காட். 1982 அக்டோபர் 1 அன்று திறந்தபோது அங்கே மிக்கி மவுஸே இல்லை. முன்பகுதி அறிவியலுக்கும் எதிர்காலத்துக்கும், பின்பகுதி ஏரியைச் சுற்றி நின்ற நாடுகளுக்கும். ஆற்றல், போக்குவரத்து, விவசாயம், கற்பனை, பிறகு கடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்டபம். 1983இல் திறந்த ‘ஹொரைசன்ஸ்’ மண்டபத்தில், பாலைவனத்தில் பயிர் செய்யும் எதிர்காலத்தைக் காட்டும்போது ஆரஞ்சுப் பழ வாசனை வரும். கடைசியில் விண்வெளி, பாலைவனம், கடலடி மூன்றில் எந்த வழியாக வீடு திரும்புவது என்று பார்வையாளரே பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். 1999இல் மூடி மறு ஆண்டே இடித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த ஆரஞ்சு வாசனையைப் பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த எப்காட்டில் பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. கடல் மண்டபத்துக்குள் நீமோ வந்தது. மெக்சிகோ மண்டபத்தின் படகுப் பயணத்தில் 2007இல் டொனால்ட் டக் நுழைந்தது. 2014 அக்டோபரில் நார்வே மண்டபத்தின் ‘மேல்ஸ்ட்ராம்’ மூடப்பட்டு, அதே கால்வாயில் 2016 ஜூனில் ‘ஃப்ரோசன் எவர் ஆஃப்டர்’ ஓடத் தொடங்கியது. 2021இல் பிரான்சுக்கு ‘ராட்டட்டூயி’ எலி வந்தது. ஆற்றல் மண்டபம் இருந்த இடத்தில் 2022 மே மாதம் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ கோஸ்டர் திறந்தது. நாடுகளின் வரிசையிலோ 1988இல் வந்த நார்வேக்குப் பிறகு ஒரு புதிய நாடுகூடச் சேரவில்லை.

மேல்ஸ்ட்ராம் போனபோது கிளம்பிய கோபத்துக்குக் காரணம் எளிது. நார்வே உண்மையான நாடு, ‘ஃப்ரோசன்’ படத்தில் வரும் அரண்டேல் கற்பனை ராஜ்யம். வைக்கிங்குகள், ட்ரோல்கள், வட கடலின் எண்ணெய்க் கிணறு என்று ஒரு நாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த ரைடில் இப்போது எல்சா பாடுகிறாள். கோபம் நியாயமானதே. ஆனால் ஒரு தகவலை அந்தக் கோபம் எளிதில் தவறவிடுகிறது. பாத்திரங்கள் வருவதற்கு முன் அந்த மண்டபங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? ஆற்றல் மண்டபம் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் நடந்தது. போக்குவரத்து ஜெனரல் மோட்டார்ஸ். ஹொரைசன்ஸ் ஜெனரல் எலக்ட்ரிக். கற்பனை மண்டபம் கோடாக். நார்வே மண்டபத்தில் அந்நாட்டு நிறுவனங்களின் முதலீடு இருந்தது. வட கடலின் எண்ணெய்க் கிணறு ரைடுக்குள் எப்படி வந்தது என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். ரசிகர்கள் தூய்மையானது என்று நினைவில் வைத்திருக்கும் எப்காட், பெரிய தொழில் நிறுவனங்கள் வாடகை கொடுத்து நின்ற எப்காட். ஜெனரல் எலக்ட்ரிக் விலகிய பிறகு ஹொரைசன்ஸுக்குப் புதிய ஆதரவாளர் கிடைக்கவில்லை. அதன் முடிவுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். நிறுவனங்கள் விட்டுப்போன இடத்தைப் படங்கள் நிரப்பின. விளம்பரம் முன்பும் இருந்தது, யாருடைய விளம்பரம் என்பது மட்டும் மாறியது.

இதைச் சொல்வதால் இழப்பு குறைந்துவிடாது. எண்ணெய் நிறுவனம் பணம் கொடுத்தாலும், அந்த மண்டபம் பிள்ளைக்குச் சொன்னது உலகத்தைப் பற்றி. இன்று அங்கே நிற்கும் கோஸ்டர் சொல்வது ஒரு படத்தைப் பற்றி. சாண்டார் என்ற வேற்றுக் கிரகத்தார் எப்காட்டில் மண்டபம் திறந்திருக்கிறார்கள் என்று ஒரு காரணம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காரணம் ஒட்டவில்லை என்று சொன்னவர்களில் பலரே, பெட்டி பின்னோக்கிப் பாய்ந்து, பக்கவாட்டில் திரும்பியபடி ஓடும் அந்தப் பயணத்தை ஆண்டுகளில் வந்த மிகச் சிறந்த ரைடு என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ரைடு நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்த இடத்தில் இருக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே வாக்குவாதத்தில் பாதி வீணாகிறது.

நிறுவனம் ஏன் இந்த வழியில் போகிறது என்பதற்கு விடை பக்கத்துப் பூங்காவில் கிடைக்கும். 2010 ஜூன் 18 அன்று ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. ஹாக்ஸ்மீட் கிராமத்தை அப்படியே எழுப்பி, கதையில் வரும் பட்டர்பியரை விற்று, மந்திரக்கோல் கடையில் ஆளை மந்திரக்கோல் தேர்ந்தெடுக்கும் காட்சியை நடத்தினார்கள். துறை சார்ந்த மதிப்பீடுகளின்படி, 2009இல் சுமார் 46 லட்சமாக இருந்த அந்தப் பூங்காவின் ஆண்டுப் பார்வையாளர் எண்ணிக்கை 2011இல் சுமார் 76 லட்சம். இதைப் பார்த்த எந்த நிர்வாகமும் சும்மா இருக்காது. அதற்குள் டிஸ்னி 2006இல் பிக்ஸாரையும் 2009இல் மார்வெலையும் வாங்கியிருந்தது; 2012இல் லூகாஸ்ஃபிலிமும் சேர்ந்தது. பல நூறு கோடி டாலர் கொடுத்து வாங்கியதை எல்லா இடத்திலும் பயன்படுத்த வேண்டும் என்ற நெருக்கடி இயல்பாகவே வந்தது. 2023இல் பூங்காக்களுக்கும் கப்பல்களுக்கும் பத்தாண்டில் 6,000 கோடி டாலர் செலவிடப்போவதாக அறிவித்தபோது, அது எந்த வகை ரைடுகளுக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

குடும்பங்களின் பக்கமும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் குடும்பம் பல ஆண்டு சேமித்து, வாழ்நாளில் ஒருமுறை அங்கே வருகிறது. அந்தப் பிள்ளைக்கு எல்சாவைத் தெரியும், மேல்ஸ்ட்ராமைத் தெரியாது. ஆண்டுக்குப் பலமுறை போகும் ரசிகரின் நினைவும், ஒரே முறை போகும் பிள்ளையின் ஆசையும் மோதும்போது நினைவுதான் உயர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படம் இல்லாவிட்டால் தரம் தானாக வந்துவிடும் என்ற வாதத்துக்கும் ஆதாரம் இல்லை. 2001இல் டிஸ்னிலேண்ட் பக்கத்தில் திறந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் பாத்திரங்கள் குறைவு. கலிஃபோர்னியா மாநிலமே கருப்பொருள். செலவைச் சுருக்கிக் கட்டியதால் ரசிகர்களும் ஏற்கவில்லை, கூட்டமும் வரவில்லை. 2007இல் 110 கோடி டாலர் திட்டம் போட்டுத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. மீட்டதில் பெரும் பங்கு 2012இல் திறந்த கார்ஸ் லேண்டுக்கு. சிவந்த பாறைமலைகளும், அந்திக்குப் பிறகு நியான் விளக்குகள் எரியும் சின்னஞ்சிறு நெடுஞ்சாலை ஊரும் உள்ள அந்த இடத்தை, படத்தையே பார்க்காதவர்களும் விரும்புகிறார்கள்.

புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் ‘அவதார்’ படத்தை ஒட்டிய பண்டோரா பகுதி இன்னும் நல்ல உதாரணம். 2011இல் ஜேம்ஸ் கேமரூனுடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது, டிஸ்னி படமே இல்லாத ‘அவதார்’ உயிரினங்களுக்கான பூங்காவில் எதற்கு என்று கேட்காத ரசிகர் குறைவு. 2017இல் திறந்ததும் அந்தக் குரல் தணிந்தது. பொறுப்பேற்ற ஜோ ரோடி, 1998இல் அந்தப் பூங்காவையே வடிவமைத்தவர். அங்குள்ள ஆசியப் பகுதிக்கு இந்தியா, நேபாளம், தென்கிழக்கு ஆசியச் சாயல்களைக் கலந்து ஆனந்தபூர் என்ற கற்பனை ராஜ்யத்தை உருவாக்கி, பாழடைந்த அரண்மனையில் புலிகளை உலவவிட்டவர். பண்டோராவில் அவர் படத்தின் நாயகனை முன்னால் நிறுத்தவில்லை. படத்தில் வந்த போர் முடிந்து தலைமுறை கடந்த பிறகு, காயம் ஆறிவரும் ஒரு காட்டுக்குப் பார்வையாளர் போகிறார். இயற்கையை மதிப்பது என்ற பூங்காவின் பொருளோடு அது இசைந்தது. பாத்திரத்தைக் கொண்டுவரவில்லை, இடத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதே உத்தி ஸ்டார் வார்ஸில் ரசிகர்களைப் பிளந்தது. 2019இல் திறந்த கேலக்ஸிஸ் எட்ஜ் படங்களில் வராத பட்டூ என்ற புதிய கிரகத்தில், புதிய முப்படக் கதையின் காலத்தில் அமைந்தது. அதனால் டார்த் வேடரும் இல்லை, லூக் ஸ்கைவாக்கரும் இல்லை. அப்பாவின் காலத்துப் பாத்திரங்களைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஒரே காலத்தில் கட்டுண்டு முழு உலகமாக நின்றதே அதன் சிறப்பு என்று காத்தவர்களும் உண்டு. பின்னர் கலிஃபோர்னியாவில் அந்தக் காலக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, பழைய நாயகர்களுக்கு வழிவிட நிறுவனம் முடிவெடுத்தது. பண்டோராவில் வென்றது இங்கே ஏன் வெல்லவில்லை? அவதார் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருந்தது மிதக்கும் மலைகளை. ஸ்டார் வார்ஸ் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருந்தது மனிதர்களை.

ஜப்பானில் கதை வேறு மாதிரி. டோக்கியோ டிஸ்னிசீ பூங்கா டிஸ்னிக்குச் சொந்தமில்லை; உரிமக் கட்டணம் செலுத்தி ஓரியன்டல் லேண்ட் நிறுவனம் நடத்துகிறது. 2001இல் திறந்தபோது ஏழு துறைமுகங்கள், நடுவில் எரிமலை. படத்தை ஒட்டாத இடங்களை ரசிகர்கள் போற்றும் பூங்கா அது. லிட்டில் மெர்மெய்டும் அலாதீனும் இந்தியானா ஜோன்ஸும் முதல் நாளிலிருந்தே அங்கே உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தன் துறைமுகத்துக்குள் அடங்கி நின்றது. 2024 ஜூன் 6 அன்று 32,000 கோடி யென் செலவில் எட்டாவது துறைமுகமாக ‘ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ்’ திறந்தது. ஃப்ரோசன், ரபுன்ஸல், பீட்டர் பேன் மூன்றையும் கொண்ட விரிவாக்கம். பூங்காவின் தனித்தன்மை கரைந்துபோகும் என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் புளோரிடாவில் கேட்ட ஓலம் இங்கே இல்லை. இதற்காக எதையும் இடிக்கவில்லை, புதிய நிலத்தில் கட்டினார்கள். 2016இல் ‘ஸ்டார்ம்ரைடர்’ என்ற சொந்தக் கதை ரைடை மூடி நீமோவைக் கொண்டுவந்ததை அதே ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. கூட்டுவதற்கும் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

படமில்லாமல் இன்றும் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2013இல் ஹாங்காங்கில் திறந்த ‘மிஸ்டிக் மேனர்’ முழுக்கப் புதிய கதை. லார்டு ஹென்றி மிஸ்டிக் என்ற சேகரிப்பாளரின் வீட்டில் ஆல்பர்ட் என்ற குரங்கு மந்திரப் பெட்டியைத் திறந்துவிடுகிறது. அவரைப் போன்ற தேசாந்திரிகளின் கற்பனைச் சங்கம் ஒன்று பல நாட்டுப் பூங்காக்களில் கிளைவிட்டிருப்பதை ரசிகர்கள் துப்புத் துலக்குவதுபோல் தேடித் தொகுக்கிறார்கள். நெதர்லாந்தின் எஃப்டலிங் பூங்கா 1952இல் ஆன்டன் பீக் வரைந்த தேவதைக் கதைக் காட்டிலிருந்து வளர்ந்தது. 2017இல் ‘சிம்பாலிகா’வையும் 2024இல் ‘டான்ஸ் மகாப்ர’வையும் ஹாலிவுட் படம் எதையும் நாடாமல் கட்டியது. ஆனால் ஹாங்காங்கிலேயே மிஸ்டிக் மேனருக்குப் பிறகு வந்தவை மார்வெலும் ஃப்ரோசனும்தான்.

ரசிகர்களின் மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இல் மேஜிக் கிங்டமில் மிஸ்டர் டோட் ரைடை மூடி வின்னி த பூவைக் கொண்டுவர முயன்றபோது ரசிகர்கள் பச்சைச் சட்டை அணிந்து வந்து எதிர்த்தார்கள். அவர்கள் காக்கப் போராடியதும் ஒரு படத்தின் பாத்திரத்தைத்தான். அதே ஆண்டு அங்குள்ள டிக்கி ரூமில் அலாதீன் படத்தின் இயாகோ கிளியையும் லயன் கிங் படத்தின் சாசுவையும் புகுத்தினார்கள். 2011இல் அங்கே தீ விபத்து நடந்தபின், பழைய நிகழ்ச்சியையே மீட்டுவைத்தார்கள். கற்பனை மண்டபத்தில் 1983இல் பிறந்த ஃபிக்மெண்ட் என்ற ஊதா நிறக் குட்டி டிராகனை 1999இல் ஏறக்குறைய விரட்டிவிட்டு, எதிர்ப்புத் தாங்காமல் 2002இல் திரும்ப அழைத்தார்கள். எந்தப் படத்திலும் தோன்றாத அந்த டிராகன் வடிவில் 2022இல் பாப்கார்ன் வாளி விற்றபோது மணிக்கணக்கில் வரிசை நின்றது. 2008இல் ‘ஸ்மால் வேர்ல்ட்’ பொம்மைகளுக்கு நடுவே டிஸ்னி பாத்திரங்களைச் சேர்க்கும் திட்டத்துக்கு மேரி பிளேரின் குடும்பத்திலிருந்தே எதிர்ப்புக் கடிதம் வந்தது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். எல்லா நாட்டுக் குழந்தைகளும் சமம் என்று யூனிசெஃபுக்காகச் செய்த ஒன்றில், சில குழந்தைகள் மட்டும் நட்சத்திரங்களாக ஆனால் அதன் பொருளே மாறிவிடும்.

‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ விவகாரத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு. 1946இல் வந்த ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்தின் இனப் பார்வை காரணமாக அந்தப் படத்தை அமெரிக்காவில் வீடியோவாகக்கூட நிறுவனம் வெளியிட்டதில்லை. அதை ஒட்டிய ரைடை மாற்றி, 2024இல் கறுப்பின இளவரசி டியானாவின் கதையாக்கியது நீதி சார்ந்த முடிவு. புதிய ரைடின் கதை சப்பென்று இருக்கிறது என்று விமர்சிக்கலாம். மாற்றியதே பிழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்த சோதனை மீண்டும் அனிமல் கிங்டமில். அங்கிருந்த டைனோசர் பகுதியை எடுத்துவிட்டு, ‘என்கான்டோ’வும் இந்தியானா ஜோன்ஸும் இடம்பெறும் வெப்பமண்டல அமெரிக்கப் பகுதியை 2027இல் திறக்கத் திட்டம். டைனோசர் ரைடே 1998இல் வேறு பெயரில் தொடங்கி, 2000இல் ஸ்டுடியோவின் ‘டைனோசர்’ படம் வந்தபோது அதன் பெயரை எடுத்துக்கொண்டதுதான். அதன் வண்டிகளின் நுட்பமும், 1995இல் டிஸ்னிலேண்டில் திறந்த இந்தியானா ஜோன்ஸ் ரைடினுடையது. என்கான்டோ கொலம்பியாவில் நடக்கும் கதை. அந்த மண்ணின் விலங்குகளும் காடும் மனிதர்களும் அங்கே தெரிவார்களா, மாட்ரிகல் குடும்பத்தின் வீடு மட்டும் தெரியுமா என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன். பூங்காவின் நடுவே, பட்டை முழுதும் நூற்றுக்கணக்கான விலங்குகள் செதுக்கப்பட்ட ‘உயிர் மரத்தின்’ உள்ளே, நிஜப் பூச்சிகளின் வாழ்வைச் சொன்ன நிகழ்ச்சியை 2025இல் எடுத்துவிட்டு, உடையணிந்து பேசும் விலங்குகளின் ‘ஸூடோபியா’வை வைத்துவிட்டார்கள். பூச்சிகளின் நிகழ்ச்சியும் ‘எ பக்ஸ் லைஃப்’ என்ற படத்திலிருந்து வந்ததுதான். அது பூச்சிகளைப் பற்றிப் பேசியது.